ஓவன் அக்காவும் யோங் பெங் சம்பந்தியின் புதுக் காரும்

மனிதர்களை நல்லவர், கெட்டவர் என்றெல்லாம் பார்க்காமல், வீட்டில் ஓவன் வைத்திருப்பவர், வைத்திருக்காதவர் என்று இரண்டே சாதியாகப் பிரித்து வைத்திருக்கும் ஒரே ஜீவன் இந்த ஜோகூர் மாநிலத்தில் எங்கள் ஓவன் அக்காதான். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

கெலாங் பாத்தாவில் இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்த அன்றே எனக்கு முதல் அதிர்ச்சி. லாரியிலிருந்து சாமான்கள் இறங்கிக்கொண்டிருந்தன. பூப்போட்ட கைலியும் தொளதொளச் சட்டையுமாக ஒரு பெண்மணி நேராக உள்ளே நுழைந்தார். என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியைப் பார்க்கவில்லை. சமையலறைக்குப் போய், அப்போதுதான் இறக்கி வைத்திருந்த ஓவனின் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டார். எங்கள் ஓவன், பெரும்பாலான தமிழ் வீட்டு ஓவன்களைப் போலவே, சட்டி வைக்கிற அலமாரியாக வாழ்ந்துகொண்டிருந்தது.

“இது என்னா தங்கச்சி?” என்றார் உள்ளிருந்தபடியே.

“சட்டிங்க,” என்றாள் என் மனைவி.

“சட்டின்னு தெரியுது. இதுக்குள்ள ஏன் இருக்கு?”

அதுவரையிலான பதினைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் கேட்கத் துணியாத கேள்வி அது. என் மனைவி என்னைப் பார்த்தாள். அதற்குள் அந்த அம்மாள் சட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கி, கம்பித்தட்டைத் தன் முழங்கையால் அளந்து, “ரெண்டு தட்டு தாராளமா போவும். பரவால்ல, நல்ல குடும்பம்தான்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் ஊர் எது, பேர் என்ன, ஒன்றும் கேட்கவில்லை.

இதற்கெல்லாம் காரணம் அவர் செய்யும் சுடு ரொட்டி. ஒன்றோடு ஒன்று ஒட்டிய பன்களை அப்படியே பலகை போல வாங்கி, பிரிக்காமல் குறுக்கே அறுத்து இரண்டு ஏடாக்குவார். கீழ் ஏட்டில், வெங்காயமும் சிலிப்பாடி என்கிற ஊசி மிளகாயும் எலுமிச்சைச் சாறும் போட்டுக் கிளறிய டின் சார்டின். சைவக்காரர்களுக்கு உருளைக்கிழங்குப் பிரட்டல். அதன்மேல் சீஸ். மேல் ஏட்டை மூடி, பூண்டும் கடுகும் தட்டிப்போட்டு உருக்கிய வெண்ணெயை அதன் தலையில் ஊற்றி, வெள்ளித்தாளில் இறுகச் சுற்றி ஓவனில் வைப்பார். வெந்ததும் அறுத்துச் சுடச்சுடக் கையில் கொடுப்பார். சாப்பிட்டவர்கள் அடுத்த விசேஷம் எப்போது என்று கேட்பார்கள்.

தெருவில் எந்த விசேஷம் என்றாலும் சுடு ரொட்டி உண்டு. தீபாவளித் திறந்த இல்ல விருந்து, நோன்புப் பெருநாள், ஜெபக்கூட்டம், எதுவானாலும் சரி. நூறு பேருக்கு ஒரே நேரத்தில் சூடாகக் கொடுக்க ஒரு வீட்டு ஓவன் போதுமா? போதாது. அதனால் அக்கா தெருவிலுள்ள எல்லா ஓவன்களையும் தன்னுடையதாகவே கருதினார். பொட்டலங்களை வீடு வீடாகக் கொடுத்துவிட்டு, தெருவின் கைப்பேசிக் குழுவில் குரல் பதிவு போடுவார். “போடுங்க,” என்பார். தெரு முழுக்க ஓவன் கதவுகள் மூடும். பிறகு “எடுங்க,” என்று வரும். அவ்வளவுதான். ராணுவத்தில்கூட இந்தக் கட்டுப்பாடு இருக்குமா என்பது சந்தேகம்.

ஒரு தடவை “எடுங்க” வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. குளியலறைக் கதவு தடதடவென்று இடிபட்டது.

“தம்பி, ரொட்டி உள்ள வேவுது. நீங்க இங்க என்னா பண்றீங்க?”

“குளிக்கிறேன் அக்கா.”

“இப்பவா குளிப்பாங்க?”

துண்டைக் கட்டிக்கொண்டு, தலையில் சோப்பு நுரையோடு ஓவனிலிருந்து தட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. வெள்ளித்தாளை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் ஓவர் லா,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் விளையாட மாட்டார். மூலைவீட்டு பாய் வீட்டு ஓவனுக்குள், பாய் வீட்டில் சாப்பிடாத எதுவும் போகாது. எதிர்வீட்டு டீச்சர் சுத்த சைவம். அங்கே உருளைக்கிழங்குதான் போகும். ஒவ்வொரு வீட்டுக்கும் தட்டு தனி, கத்தி தனி, துடைக்கிற துணி தனி. மாறிப்போனதாகச் சரித்திரமே இல்லை. அதனால்தான் தெருவில் எல்லா வீட்டுக் கதவும் அவருக்குத் திறந்திருந்தது.

ஆறிய ரொட்டியை ஒருவர் வாயில் வைத்துவிட்டால் அக்காவுக்குத் தாங்காது. பறித்துக்கொண்டு போய்விடுவார். பிறந்தநாள் வீடுகளில் வாழ்த்துப் பாட்டை மலாயிலும் ஆங்கிலத்திலும் பாடி, மூன்றாவதாகத் தமிழில் ஆரம்பிக்கும்போது, “போதும், பிள்ளைக்கு வெளங்கியிருக்கும்,” என்று நிறுத்திவிடுவார். பொது மண்டபத்தில் ஒரு பெரிய மனிதர் வந்து தம் சேவைகளை விளக்கிக்கொண்டிருந்தார். விளக்கம் முடிகிறபாடாக இல்லை. அக்கா மேடையேறி ஒலிவாங்கியைத் தம் பக்கம் திருப்பி, “ஐயா, ரொட்டி ஆறுது. மிச்சத்த அடுத்த தேர்தலுக்கு வச்சிக்கலாம்,” என்றார். சபை உறைந்துபோனது. பெரிய மனிதர் உட்கார்ந்தார். அதைவிட அதிர்ச்சி, இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. லாரி ஓட்டிக்கொண்டிருந்த கணவர் போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். அடக்கம் முடிந்து ஒரு மாதம் அவர் வெளியே தலைகாட்டவில்லை. பிறகு ஒருநாள் குழுவில் “போடுங்க,” என்று குரல் வந்தது. எங்களுக்கெல்லாம் உயிர் வந்தது.

இனி என் மகள் மலரின் கதைக்கு வருகிறேன். மலருக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் பேருந்து ஏறி இரண்டாவது பாலத்தைக் கடந்து போவாள். பொழுது சாய்ந்துதான் வருவாள். கூட வேலை பார்க்கிற சரவணனை அவளுக்குப் பிடித்திருந்தது. பையனுக்குச் சொந்த ஊர் யோங் பெங். பையனின் அம்மாவுக்குப் பூரண சம்மதம். ஆனால் அப்பா, ஒரு தோட்டத்தில் ஆள்கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவர், பிடி கொடுக்கவில்லை. “விடியக்காலம் போயி ராத்திரி வர்ற பொண்ணு, குடும்பத்து மனுசாள எங்க கவனிக்கப் போவுது? நேர்ல பாத்துட்டுத்தான் சொல்லுவேன்,” என்றுவிட்டார்.

“அவரு வேணாம்னா சரவணன் மீற மாட்டாருப்பா. நானும் மீறச் சொல்ல மாட்டேன்,” என்றாள் மலர். சொல்லிவிட்டுக் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள். அந்த மனிதரின் ஒரு சொல்லில்தான் என் பெண்ணின் சந்தோஷம் இருந்தது. எனக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வந்தார்கள். ஒரு காரில் வருவதாகச் சொன்னவர்கள், தெருவே அடைபடும்படி வந்திறங்கினார்கள். எங்கள் தெரு குறுகல். யாராவது வெளியே போகவேண்டுமென்றால் பத்து காரை நகர்த்த வேண்டும். அதனால் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விருந்தாளிகள் கார்ச் சாவியை வாசலில் இருக்கும் எவர்சில்வர் தட்டில் போட்டுவிட வேண்டும். தெருவில் யாருக்கு வழி வேண்டுமோ அவர்கள் எடுத்துக் காரை நகர்த்திக்கொள்வார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை.

பையனின் அப்பா தட்டுக்கு முன்னால் தயங்கி நின்றார். கார் புதுசு. இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. பெண்ணைத் தாரைவார்ப்பது போலச் சாவியை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

“ஒன்னும் ஆவாது சார்,” என்றேன்.

“ஆவக்கூடாது சார்,” என்றார் அவர். நான் அவருக்கு சார், அவர் எனக்கு சார். அந்த அளவில்தான் இருந்தது உறவு.

உள்ளே பேச்சு ஆரம்பித்தது. தெரு முழுக்க ஓவன்களில் சுடு ரொட்டி வெந்துகொண்டிருந்தது. “போடுங்க” வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், மின்சாரம் போய்விட்டது. காற்றாடி நின்றது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வீட்டுக்கு வீடு பாதி வெந்த பொட்டலங்களோடு ஆட்கள் வாசலுக்கு வந்துகொண்டிருந்தார்கள். நடுத்தெருவில் அக்கா நின்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

என் மனைவி ஓடிப்போய், “அக்கா, கேஸ் அடுப்புல வாட்டிக்கலாமா?” என்றாள்.

“அடுப்புல வச்சா அடி கருகும், மேல பச்சையா நிக்கும். சம்பந்தம் பேச வந்தவங்களுக்குக் கரியவா குடுப்பாங்க?”

“அப்ப ஆறினாலும் பரவால்லன்னு…”

அக்கா அவளைப் பார்த்த பார்வையில் என் மனைவி உள்ளே வந்துவிட்டாள். அதற்குப் பிறகு வெளியே கார்கள் நகரும் சத்தம் கேட்டது. யாருக்கோ வழி வேண்டும்போல என்று நினைத்து நான் கவலைப்படவில்லை.

உள்ளே நிலைமை அதைவிட மோசம். புழுக்கத்தில் எல்லோரும் கையில் கிடைத்ததைக் கொண்டு விசிறிக்கொண்டிருந்தார்கள். பையனின் அப்பா மட்டும் விசிறவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு மலரைக் கேட்டார்.

“என்னாம்மா சமைப்ப?”

பொய் சொல்லத் தெரியாத பெண்ணைப் பெற்றவன் படும்பாடு எனக்குத்தான் தெரியும். “முட்ட பொரிப்பேன் மாமா,” என்றாள்.

“வேற?”

மலர் யோசித்தாள். எவ்வளவு யோசித்தும் முட்டையைத் தாண்டி எதுவும் வரவில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “சரி, ஜாம் ஆவறதுக்குள்ள கெளம்பினா நல்லது. போயி யோசிச்சிட்டுச் சொல்றோம்,” என்று எழுந்தார். போய்ச் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்ற எல்லோருக்கும் தெரியும். மலரின் உதடு துடித்ததை நான் பார்த்தேன்.

வாசலுக்குப் போனவர் தட்டைப் பார்த்தார். தட்டு காலி. ஒரு சாவிகூட இல்லை.

எல்லோரும் வெளியே வந்தோம்.

தெருவில் ஒரு காரும் வைத்த இடத்தில் இல்லை. அத்தனையும் நிழல் இல்லாத எதிர்ப்பக்கம் போய், மூன்று மணி வெயிலைப் பார்த்து வரிசையாக நின்றன. உள்ளே வெயில் மறைப்புகளைக் கழற்றியிருந்தார்கள். ஒவ்வொரு காரின் முன்கண்ணாடிக்குக் கீழும், வெள்ளிக் கவசம் சாத்தியதுபோல ரொட்டிப் பொட்டலங்கள் பளபளத்தன. பாய், டீச்சர் எல்லோரும் ஆளுக்கொரு காருக்குக் காவல் நின்றார்கள். வரிசையின் நடுவில் யோங் பெங் புதுக் கார். கண்ணாடிகள் எல்லாம் ஏற்றி அடைத்திருந்தன. ஓட்டுநர் இருக்கையில், பிளாஸ்டிக் உறையின்மேல், ஒரு பொட்டலத்தில் கையை வைத்துச் சூடு பார்த்தபடி ஓவன் அக்கா உட்கார்ந்திருந்தார்.

“யாரு அது, என் காடியில?” என்றார் பையனின் அப்பா.

சரவணனின் முகம் வெளுத்துவிட்டது. “எங்கப்பா அந்தக் காடியில எங்கள பிஸ்கட் கூட திங்க விட்டதில்ல அங்கிள்,” என்று முணுமுணுத்தான்.

அவர் விறுவிறுவென்று போய்க் காரின் கதவைத் திறந்தார். பூண்டு, வெண்ணெய், சார்டின் மூன்றும் கலந்த ஒரு வாசம் தெருவுக்கே வந்தது. கல்யாணம் அந்த வாசத்தோடு காற்றில் போவதாக எனக்குத் தோன்றியது.

“கதவ மூடுங்க, சூடு போவுது,” என்றார் அக்கா.

“இது என் காடிம்மா.”

“தெரியுது. இருக்கறதுலயே இதுதான் நல்லா சூடு ஏறுது. கறுப்பு சீட்டு, பிளாஸ்டிக் வேற. உள்ள வாங்க, இல்லாட்டி வெளிய நில்லுங்க அண்ணே. தொறந்துகிட்டு நிக்காதீங்க.”

தோட்டத்தில் நூறு பேரை நிற்கவைத்துப் பெயர் கூப்பிட்ட மனிதர். ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு கதவைச் சாத்தினார். காரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். இன்னொரு கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்து, அதையும் சாத்திக்கொண்டார்.



“என்னங்க, உள்ள மயக்கம் போட்டு வுழுந்துறப் போறாரு,” என்றாள் என் மனைவி.

கண்ணாடி வழியாகப் பார்த்தோம். அவர் நேராகப் பார்த்தபடி ஏதோ கேட்டார். அக்காவின் வாய் அசைந்தது. அக்கா எங்கள் பக்கம் திரும்பி மலரை நோக்கி விரலை நீட்டினார். மலர் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா இரண்டு கைகளாலும் காற்றில் எதையோ முன்னும் பின்னும் தேய்த்துக் காட்டினார். பையனின் அப்பாவின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று இங்கிருந்து தெரியவில்லை. பிறகு அக்கா ஒரு பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டை அவர் கையில் வைத்தார். சீஸ் நூலாக நீண்டது. புதுக் காருக்குள்ளே, பிளாஸ்டிக்மேல் துகள் சிந்தச் சிந்த, அந்த மனிதர் சாப்பிட்டார். சரவணன் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தான்.

ஒருவழியாகக் கதவு திறந்தது. சட்டை உடம்போடு ஒட்டித் தொப்பலாக நனைந்து அவர் இறங்கினார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“எல்லாரையும் சாப்பிடச் சொல்லுங்க, சம்பந்தி,” என்றார்.

நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன், வேறு யாரையாவது சொல்கிறாரோ என்று. மலர் ஏற்கெனவே அழ ஆரம்பித்திருந்தாள். பையனின் அம்மா அவளைக் கட்டிக்கொண்டார். தெருவெல்லாம் கார்க் கதவுகள் திறந்தன. பொட்டலங்கள் வெளியே வந்தன. அப்படியொரு பக்குவமான ரொட்டியை அதற்கு முன்னும் பின்னும் நான் சாப்பிட்டதில்லை.

கூட்டம் சாப்பிடும்போது அக்காவைத் தனியாகப் பிடித்தேன். வெயிலில் முகம் செக்கச்செவேலென்று வெந்திருந்தது. ஒரு குவளைத் தண்ணீரைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

“என்னா அக்கா சொன்னீங்க அவர்கிட்ட?”

“பொண்ணு எப்படின்னு கேட்டாரு. சமைக்கத் தெரியாதுன்னு சொன்னேன்.”

“அக்கா.”

“வீடு கூட்டமாட்டா, துணி மடிக்கமாட்டான்னும் சொன்னேன். பொய்யா சொல்ல முடியும்?”

அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

“அப்புறம் எங்க வீட்டுக்காரரு போன கதைய சொன்னேன். அடக்கம் முடிஞ்சி எல்லாரும் போய்ட்டாங்க. நான் ஓவன தொடல, சாப்பிடவும் இல்ல. ஒங்க மக வேல வுட்டு பஸ்ஸுலேருந்து எறங்கி நேரா எங்கிட்ட வந்துச்சி. கையில ஒரு பன்னு. ஆறிப்போனத நான் தொடமாட்டேன்னு அதுக்குத் தெரியும். ஓவன போட எனக்கு மனசு வரலன்னும் தெரியும். என்னா பண்ணிச்சி தெரியுமா? பன்னுக்குள்ள சார்டின வச்சி, வெள்ளித்தாளுல சுத்தி, பலகையில வச்சி, சட்டைக்குப் போடுற மாதிரி அயன் பொட்டிய போட்டுத் தேச்சிச்சி. ஒரு பக்கம் கருகிப்போச்சி. நான் தின்னேன் தம்பி. முப்பதாம் நாளு பூசை வரைக்கும் தெனமும் வந்து தேச்சிச்சி.”

அந்த மாதம் முழுக்க மலர் வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் வந்தாள். பாலத்தில் ஜாம் என்றாள். நானும் அந்தப் பாலத்தைத் தினமும் திட்டிக்கொண்டிருந்தேன்.

“எங்ககிட்ட சொல்லவே இல்லியே அக்கா.”

“சொல்லிக்கிற பொண்ணா இருந்தா, நான் ஏன் அந்த வெயில்ல போயி உக்காரணும்?” என்றார். “சாவிய தேடிகிட்டு அவரு வருவாருன்னுதான் அந்தக் காடிக்குள்ள இருந்தேன்.”

அந்தக் காரில் இன்றும் மழை நாளில் சார்டின் வாசம் வருகிறதாம். சம்பந்தி அதற்காக யாரிடமும் ஒரு வார்த்தை குறைப்பட்டுக்கொள்ளவில்லை என்று சரவணன் இன்னும் நம்பமுடியாமல் சொல்கிறான்.

கல்யாணத்துக்கு முதல்நாள் வீட்டில் நலுங்கு வைத்தார்கள். பெண்ணுக்கு மஞ்சள் பூச அத்தையை முதலில் கூப்பிடுவது முறை. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. ஓவன் அக்கா சமையலறையில் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து மலருக்கு முன்னால் நிறுத்தினேன். “நான் வேதக்காரி தம்பி, புருசனும் இல்லாதவ,” என்று அவர் பதறிப் பின்வாங்கினார். அதுவரை எதற்கும் பதறி நான் பார்க்காத மனுஷி. கூட்டத்தில் ஓர் அம்மாள், யார் இந்தப் பெண் என்று முகம் சுளித்துக் கேட்டார்.

“எங்க அக்கா,” என்றேன்.